ஒரு முறை, ஒரேயொரு முறை

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது நம் முன்னோர் வாக்கு. பனையோலையிற் பெயர்த்தெழுதிய காலத்தில் ஒரு கொம்பு விடுபட்டாலும், ஒரு வரி இருமுறை எழுதப்பட்டாலும், அப்பிழை அடுத்த ஏட்டிற்கும் அதற்கடுத்த ஏட்டிற்கும் சென்றுகொண்டே இருக்கும். இத்தகைய பெயர்த்தெழுதும் தொழில் ஒன்று நம் ஒவ்வொருவருடைய உடலினுள்ளும், நாம் உண்ணும்போதும் உறங்கும்போதும், ஓயாது நடைபெற்று வருகின்றது. அதனை எழுதுவோர் யாவர், எழுதுவோரைக் கண்காணிப்போர் யாவர், காவல் தவறின் விளைவது யாது என்பனவே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள். விளைவு யாது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடலாம். அதன் பெயர் புற்றுநோய்.

உடல் கலங்களாலானது என்பதைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். பழைய கலங்கள் மடியப் புதியன பிறக்கின்றன. குருதியிலுள்ள செங்கலங்கள் மாத்திரம் விநாடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் புதிதாக உண்டாகின்றன என்றால், இத்தொழிலின் பெருமையை நேயர்கள் உய்த்துணரலாம். ஒரு கலம் இரண்டாகப் பிரியுமுன், தன் கருவினுள் இருக்கும் பரம்பரை ஏட்டை முற்றும் படியெடுத்து, இரு மகட்கலங்களுக்கும் ஒவ்வொரு படி கொடுத்தல் வேண்டும். அவ்வேடுதான் டீஒட்சி றைபோ நியூக்கிளிக்கமிலம் என்னும் நெடிய மூலக்கூறு. நாவுக்கு எளிதாக டீ. என். ஏ. என்றே நாம் வழங்குவோம். 1953 ஆம் ஆண்டில் கேம்பிறிட்ஜ் நகரில் வாற்சனும் கிறிக்கும் இதன் அமைப்பை வெளியிட்டனர். முறுக்கிய நூலேணி போன்ற இரட்டை இழை; அதன் படிகளில் நான்கே நான்கு எழுத்துக்கள்; ஓரிழையில் இன்ன எழுத்து நின்றால் எதிரிழையில் இன்னதுதான் நிற்கலாம் என்ற மாறா விதி. ஆகவே இரண்டு இழைகளையும் பிரித்துவிட்டால், ஒவ்வொன்றும் மற்றதை எழுதுவதற்கு மூலப்பிரதியாகிவிடுகின்றது. புதிய ஏடு ஒவ்வொன்றிலும் ஓரிழை பழையது, ஓரிழை புதியது என்பதை 1958 இல் மெசல்சனும் ஸ்ராலும் கலிபோர்ணியாவிற் செய்த பரிசோதனை நிலைநாட்டியது.

கேட்பதற்கு எளிது, செய்வதற்கு எளிதன்று. மனிதக் கலம் ஒன்றிலுள்ள 46 நிறமூர்த்தங்களிலும் சேர்த்து 600 கோடிக்கு மேற்பட்ட எழுத்துச் சோடிகள் உள்ளன. அவற்றை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீற்றர் வரும். அத்தனையும் மில்லிமீற்றரில் நூற்றிலொரு பங்கும் இல்லாத கருவினுள்ளே சுருண்டு கிடக்கின்றன. எழுதும் நொதியம் விநாடிக்கு ஏறத்தாழ 50 எழுத்து எழுதும். நமது மிகப் பெரிய நிறமூர்த்தத்தில் 25 கோடி எழுத்துச் சோடிகள் உண்டு. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே நொதியம் எழுதிச் செல்வதாயின் 58 நாள் செல்லும். ஆனால் கலம் இவ்வேலையை ஏறத்தாழ 8 மணித்தியாலத்தில் முடித்துவிடுகின்றது. எங்ஙனம்? ஒரு நூலை ஒருவரே எழுதாமல் ஆயிரம் பேர் ஆளுக்கோர் அத்தியாயமாகப் பங்கிட்டு எழுதுவது போல, 30,000 அல்லது அதற்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே பருவத்தில் எழுத்து வேலை தொடங்கப்படுகின்றது.

இவ்வெழுத்தர்கள் பிழைவிடுவதில்லையா? விடுவர். இலட்சத்துக்கு ஒன்றளவிற் பிழை நேர்கின்றது. எழுதிய நொதியமே திரும்பிப் பார்த்துப் பெரும்பாலானவற்றை அழித்துத் திருத்தும். அதற்குத் தப்பியவற்றைப் பின்னால் வரும் வேறொரு திருத்தும் கூட்டம் பிடித்துக்கொள்ளும். இறுதியில் எஞ்சுவது நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழை என்ற அளவே. இத்திருத்தும் கூட்டத்தில் ஒருவர் பிறவியிலேயே பழுதுபட்டிருந்தால், அக்குடும்பத்தாருக்குப் பெருங்குடற் புற்றுநோய் தலைமுறை தலைமுறையாக வருவதுண்டு. 1993 இல் இக்காரணம் வெளிப்பட்டது. டீ. என். ஏ. யின் பழுதுபார்ப்பை ஆராய்ந்த லிண்டால், மொட்றிச், சன்சார் ஆகிய மூவருக்கும் 2015 இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

ஆயினும் எழுத்துப் பிழை ஒருபுறமிருக்க, அதனினும் பெரியதொரு சிக்கல் உண்டு. முப்பதினாயிரம் பேர் ஒரே நூலை ஒரே நேரத்தில் எழுதுகையில், இந்த அத்தியாயம் எழுதப்பட்டாயிற்று, இது இன்னும் எழுதப்படவில்லை என்று யார் கணக்கு வைப்பது? ஓர் அத்தியாயம் விடுபட்டால் மகட்கலம் குறையுள்ளதாகும். ஓர் அத்தியாயம் இருமுறை எழுதப்பட்டால் ஏடு முறியும், சிக்குண்ணும். ஒவ்வோரிடமும் ஒருமுறை, ஒரேயொருமுறை எழுதப்படல் வேண்டும். பேரேடும் கணக்கப்பிள்ளையும் இல்லாத கலம் இதனை எவ்வாறு சாதிக்கின்றது என்பதே விஞ்ஞானிகளை நெடுங்காலம் மயக்கிய வினா.

விடையின் முதல் நுனி 1970 இல் அகப்பட்டது. அமெரிக்காவில் ராவ், ஜோன்சன் என்னும் இருவர், ஒருவகை வைரசின் உதவியால் இரு கலங்களை ஒன்றாக ஒட்டிப் பார்த்தனர். கலத்தின் வாழ்வு நான்கு பருவங்களைக் கொண்டது. முதலில் ஓர் இடைவேளை, பின்பு படியெடுக்கும் பருவம், மீண்டும் ஓர் இடைவேளை, ஈற்றிற் பிரிவு. படியெடுத்துக்கொண்டிருக்கும் கலத்தோடு முதல் இடைவேளையிலுள்ள கலத்தை ஒட்டினால், பின்னதன் கருவும் உரிய காலத்துக்கு முன்னரே படியெடுக்கத் தொடங்கிற்று. ஆனால், ஏற்கெனவே படியெடுத்து முடித்த, இரண்டாம் இடைவேளையிலுள்ள கலத்தை ஒட்டியபோது அதன் கரு அசையவேயில்லை. எழுதும் பொருள்கள் யாவும் அருகிலேயே நிரம்பியிருந்தும், முடித்த கரு மீண்டும் எழுத மறுத்துவிட்டது. ஆகவே தடை சுற்றுப்புறத்தில் இல்லை, கருவிலேயே உள்ளது.

அத்தடை யாது? கேம்பிறிட்ஜில் லாஸ்கி என்பவரும் அவருடைய மாணவர் ஜூலியன் புளோவும் ஆபிரிக்கத் தவளையின் முட்டைச் சாற்றை எடுத்து ஆராய்ந்தனர். (தவளை முட்டையைத் தேர்ந்ததில் ஒரு நுட்பம் உண்டு. கருவுற்ற தவளை முட்டை அரை மணித்தியாலத்துக்கொருமுறை பிரியும் விரைவுடையது. படியெடுப்பதற்கு வேண்டிய பண்டங்கள் யாவும் அதில் முன்கூட்டியே சேமிக்கப்பட்டுள்ளன.) சாற்றில் இட்ட கரு ஒருமுறை படியெடுத்துவிட்டு நின்றுவிடும். கலப்பிரிவு நிகழ்ந்தாலன்றி இரண்டாம் முறை எழுதாது. ஆனால் கருவைச் சூழ்ந்துள்ள மென்சவ்வில் துளைகள் உண்டாக்கிவிட்டால், பிரிவின்றியே மீண்டும் எழுதத் தொடங்கும். இதிலிருந்து அவர்கள் 1988 இல் ஓர் ஊகம் கூறினர். எழுதுவதற்கு ‘அனுமதிச் சீட்டு’ ஒன்று வேண்டும். அச்சீட்டு கருவுக்கு வெளியே கிடக்கின்றது. தானாக உள்ளே புக முடியாது. கலம் பிரியும்போது கருமென்சவ்வு கரைந்துவிடுகின்றது. அப்போது சீட்டு ஏட்டினை அடைகின்றது. எழுதத் தொடங்கியவுடன் சீட்டுக் கிழிக்கப்படுகின்றது. புகையிரத நிலையத்து வாயிலிற் சீட்டை வாங்கிக் கிழிப்பவரை நேயர்கள் இங்கே நினைத்துக்கொள்ளலாம். மறுபடியும் பயணஞ் செய்ய மறுபடியும் சீட்டு வேண்டும். சீட்டு விற்கும் யன்னலோ அடுத்த பிரிவு வரை திறக்கப்படமாட்டாது.

பின்வந்த ஆராய்ச்சிகள் அனுமதிச் சீட்டு உண்மை என்று காட்டின. ஆயின் சவ்வு மாத்திரம் காவலன்று என்பதும் தெரிந்தது. 1995 இல் மூன்று குழுவினர் சீட்டின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்தனர். அஃது எம். சி. எம். எனப்படும் ஆறு புரதங்களாலான வளையம். மதுவத்தில் இவ்வளையத்தை ஆக்கும் பரம்பரையலகுகள் அதற்குப் பத்தாண்டுகட்கு முன்னரே அறியப்பட்டிருந்தன. அவற்றின் தொழில்தான் விளங்காதிருந்தது. முதல் இடைவேளையில், எழுத்துத் தொடங்கும் இடங்களிலெல்லாம் இவ்வளையங்கள் சோடி சோடியாக ஏட்டின்மீது மாட்டப்படுகின்றன. மாட்டுவதற்கு உதவும் புரதங்களுள் ஒன்று சி. டீ. ரீ. 1 என்பது. படியெடுக்கும் பருவம் வந்ததும் வளையங்கள் இரட்டை இழையைப் பிரித்துக்கொண்டு இரு திசையும் ஓடுகின்றன. அதே வேளையில், மாட்டும் உதவியாளர் அழிக்கப்படுகிறார். அழியாது எஞ்சியவரை ஜெமினின் என்ற மற்றொரு புரதம் இறுகப் பற்றிக்கொள்கின்றது. எழுதத் தொடங்கு என்று கட்டளையிடும் அதே நொதியங்கள்தாம் இனிச் சீட்டு வழங்காதே என்றும் கட்டளையிடுகின்றன. ஒரே திறப்பால் ஒரு கதவைத் திறக்கும்போதே மற்றக் கதவு பூட்டிக்கொள்கின்றது. இரண்டு கதவும் ஒருங்கே திறந்திருக்கும் கணம் இல்லை. கலம் பிரிந்து முடியும்போது ஜெமினினும் கட்டளை நொதியத்தின் துணைப்புரதமும் ஒருங்கே அழிக்கப்பட, சீட்டு யன்னல் மறுபடி திறக்கின்றது. கணக்கப்பிள்ளை இன்றியே கணக்குச் சரியாகிவிட்டதன்றோ? நாம் கற்ற உயிரியற் செய்திகளுள் இதனினும் அழகியதொன்று உண்டா என்பது ஐயமே.

மேற்குறித்த துணைப்புரதத்துக்குச் சைக்கிளின் என்று பெயர். 1982 இல் அமெரிக்கக் கடற்கரையில், கடல் முள்ளெலியின் முட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ரிம் ஹண்ட் இதனைக் கண்டார். மதுவத்தை ஆராய்ந்த ஹாட்வெல், போல் நேர்ஸ் ஆகியோருடன் அவருக்கு 2001 இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. முள்ளெலி முட்டையும் கள்ளுப் புளிக்கச் செய்யும் மதுவமும் மனிதப் புற்றுநோய்க்கு வழிகாட்டின என்பதை, இத்தகைய ஆராய்ச்சிக்குப் பணம் எதற்கு என்று கேட்பவர்கள் சற்றே சிந்திக்கலாம்.

சீட்டு வழங்கும் பகுதி பழுதுற்றால் விளைவது எப்பொழுதும் புற்றுநோயன்று. பிறவியிலேயே இப்புரதங்கள் வலி குன்றியிருப்பின் கலங்கள் போதிய அளவு பெருகுவதில்லை. பிள்ளை உடல் குறுகி, சிறிய காதுகளோடு வளரும். அரிதான இந்நோயின் காரணம் 2011 இல் தெரியவந்தது. மாறாக, சீட்டு மிகுதியாக வழங்கப்பட்டால் ஏட்டின் சில பகுதிகள் திரும்பத் திரும்ப எழுதப்படும், இழைகள் அறும், வளர்ச்சியைத் தூண்டும் பரம்பரையலகு ஒன்று பத்துப் படியாகவும் நூறு படியாகவும் பெருகிவிடக்கூடும். பல புற்றுக் கட்டிகளில் சி. டீ. ரீ. 1 அளவுக்கு மீறிக் காணப்படுகின்றது. கட்டி முற்றுமுன்னரே, அதன் தொடக்க நிலையிலேயே, படியெடுப்புத் தடுமாறி ஏடு முறிந்து கலம் அபாய அறிவிப்புச் செய்கின்றது என்பதை 2005 இல் இரண்டு குழுவினர் காட்டினர்.

அபாய அறிவிப்பு யாரை அழைக்கின்றது? இங்கே இரண்டு காவலரை அறிமுகஞ் செய்தல் வேண்டும். முதல்வர் ஆர். பி. என்பவர், படியெடுக்கும் பருவத்துக்குச் செல்லும் வாயிலிலே நின்று, வளர்க என்ற தக்க கட்டளை வரும்வரை வழிமறிப்பவர். விழித்திரையிற் குழந்தைகளுக்கு வரும் ஒருவகைப் புற்றுநோயை ஆராய்ந்த நட்சன், இக்காவலுக்குரிய பரம்பரையலகின் இரு பிரதிகளும் கெட்டாலன்றி நோய் வராது என்று 1971 இலேயே கணக்கிட்டுக் கூறினார். ஒன்று பிறவியிலேயே கெட்டிருந்தால் மற்றது கெடுவதே போதும். ஆதலினாற்றான் சில குடும்பங்களில் இரு கண்ணிலும் இளமையிலேயே வருகின்றது. இரண்டாம் காவலர் 1979 இல் அறியப்பட்ட பி. 53. ஏடு முறிந்தது என்றறிந்தால் இவர் வேலையை நிறுத்திப் பழுதுபார்க்க அவகாசந் தருவார். பழுது தீராதாயின் கலத்தையே தன்னை மாய்த்துக்கொள்ளுமாறு பணிப்பார். மனிதருடைய புற்றுநோய்களில் ஏறத்தாழ அரைவாசியில் இவர் ஊனமுற்றிருக்கக் காண்கின்றோம். நமக்கு இவருடைய பிரதி தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டே. ஆபிரிக்க யானைக்கு 40 பிரதி உண்டு என 2015 இல் கண்டறிந்தனர். அத்துணைப் பெரிய உடம்பும் அத்துணை நீண்ட ஆயுளும் இருந்தும் யானைக்குப் புற்றுநோய் அரிதாயிருப்பதற்கு இஃது ஒரு காரணமாகலாம்.

புற்றுநோய் வந்த வீடுகளில் முதலில் எழும் கேள்வி, நாம் என்ன பாவஞ் செய்தோம் என்பது. மேலே கூறியவற்றை நோக்கின், பாவத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது விளங்கும். கோடிக்கணக்கான கலங்கள் ஆயுள் முழுதும் எழுதும்போது சில பிழைகள் எவர் தவறுமின்றியே நேரும். காவலர் ஒருவர் வீழ்வதால் மாத்திரம் புற்றுநோய் உண்டாவதில்லை. பல காவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பல்லாண்டு செல்லும். முதுமையில் இந்நோய் மிகுவது அதனாலேயே. அஃதன்றி, நாமே கூலி கொடுத்து வரவழைக்கும் பிழைகளும் உண்டு. புகையிலைப் புகை அவற்றுள் முதன்மையானது. நம் நாட்டு ஆண்களிடையே வாய்ப் புற்றுநோயே முன்னிற்கின்றது. வெற்றிலையோடு சேரும் புகையிலையும் பாக்குமே அதற்குப் பெருங்காரணம். விருந்துக்கு வந்தவர்க்குத் தட்டம் நீட்டும் வழக்கத்தைக் குறைகூற நமக்கும் மனம் வரவில்லைதான். ஆனாற் பாக்குத் தானே தனித்தும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004 இல் அறிக்கை வெளியிட்டுவிட்டது.

படியெடுப்பைத் தடுத்தே நோயைத் தடுக்கலாமா என்ற எண்ணமும் புதியதன்று. பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1923 இல் பொஸ்ரன் சென்ற சுப்பராவ், அமெரிக்க நிறுவனமொன்றில் அமினொப்ரெறின் என்னும் மருந்து ஆக்கப்பட்ட ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். எழுத்துக்களை ஆக்குவதற்குக் கலத்திற்கு வேண்டிய ஒரு விற்றமினைப் போல் நடித்து, எழுத்து வேலையையே நிறுத்திவிடுவது அது. 1948 இல் சிட்னி பார்பர் வெண்குருதிப் புற்றுநோயுற்ற 16 பிள்ளைகளுக்கு இதனைக் கொடுக்க, 10 பேர் சிறிது காலம் தேறினர். அம்முன்னேற்றம் நிலைக்கவில்லை, ஆயினும் அதற்குமுன் ஒரு பிள்ளையும் மருந்தினால் இவ்வாறு தேறியதில்லை. சுப்பராவ் அவ்வாண்டிலேயே காலமானார். அம்மருந்தின் தம்பியான மெதொற்றெக்சேற்று இன்றும் வழங்குகின்றது; வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுப்பதால், செல்வ நாடுகளில் இந்நோயின் பெருவழக்கான வகையுற்ற பிள்ளைகள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். இத்தகைய மருந்துகள் விரைவாகப் படியெடுக்கும் கலங்கள் யாவற்றையும் தாக்குவன. மயிர்வேரும் குடலின் உட்சுவரும் அத்தகையனவே. மருந்து எடுப்பவர்க்கு முடி கொட்டுவதும் ஓங்காளிப்பும் இதனாலேயாம். நோய் மிஞ்சிவிட்டதற்கு அடையாளமன்று. முதற்காவலரின் வாயிலைத் திறக்கும் நொதியத்தை மாத்திரம் மறிக்கும் மருந்துகள் 2015 முதல் மார்புப் புற்றுநோய்க்கு வழங்கப்பட்டு வருகின்றன.

இறுதியாக, ராவும் ஜோன்சனும் ஒட்டிப் பார்த்த கலங்கள் யாருடையவை என்று சொல்லாது விட்டோம். அவை ஹீலாக் கலங்கள். ஹென்றியெற்றா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி 1951 இல் பல்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிற் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது, அவருடைய சம்மதமின்றி எடுக்கப்பட்டவை. அவர் அவ்வாண்டு ஒக்ரோபரில், 31 வயதில், இறந்துபோனார். அவருடைய கலங்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் வளர்கின்றன. குடும்பத்தார் பல்லாண்டுகள் இதனை அறியாதிருந்தனர்; அக்கலங்களால் ஆதாயமடைந்த நிறுவனமொன்றுடன் 2023 இலேயே ஓர் இணக்கத்துக்கு வந்தனர்.

அப்பெண்மணியின் நோய்க்குக் காரணம் பப்பிலோமா வைரசின் 18 ஆம் வகை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு இவ்வைரசே காரணம் எனக் காட்டிய ஜேர்மானியர் சூர் ஹவுசனுக்கு 2008 இல் நோபெல் பரிசு கிடைத்தது. இவ்வைரசு கலத்தினுள் இரண்டு புரதங்களை விடுகின்றது. ஒன்று ஆர். பி. யைக் கட்டிப்போடும், மற்றது பி. 53 ஐ அழிப்பிக்கும். இரு காவலருமின்றிக் கலம் படியெடுத்துக்கொண்டே போகும். 2000 ஆம் ஆண்டில் இரு ஆராய்ச்சியாளர் ஹீலாக் கலங்களில் இவ்விரண்டு வைரசுப் புரதங்களையும் வாயடைத்துப் பார்த்தனர். அரை நூற்றாண்டாக ஓயாது பெருகிய அக்கலங்களில் ஆர். பி. யும் பி. 53 உம் விழித்தெழுந்தன, படியெடுப்பு நின்றது. காவலர் இறக்கவில்லை, கட்டுண்டே கிடந்தனர்.

அனுமதிச் சீட்டாகிய எம். சி. எம். வளையமும் இந்நோயைக் கண்டறிய உதவும். ஓய்ந்திருக்கும் கலங்களில் அது காணப்படுவதில்லை. மேற்பரப்பிலிருந்து வழித்தெடுத்த கலங்களில் அது தோன்றினால் அங்கே பெருக்கம் நடக்கின்றது என்பது பொருள். கேம்பிறிட்ஜ் குழுவினர் 1998 இல் இதனைக் கருப்பைக் கழுத்துச் சோதனையிற் பயன்படுத்திக் காட்டினர். அத்துணை நுட்பமில்லாத பாப் சோதனைகூட, நோயாக மாறுமுன்னரே மாற்றத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். நம் நாட்டில் 1996 முதல் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்களில் இது நடைபெறுகின்றது. 35 வயதெய்திய பெண்களே முதலில் அழைக்கப்படுகின்றனர். அழைத்தும் வாராதோர் பலர். கூச்சமே காரணம் என்கின்றனர். கூச்சத்துக்கு நாம் மதிப்புக் கொடுக்கவே செய்கின்றோம். ஆயினும் அது பத்து நிமிடத்துக் கூச்சம். ஆறாந்தரத்து மாணவியர்க்கு 2017 முதல் பாடசாலையில் இவ்வைரசுக்கெதிரான தடுப்பூசி ஏற்றப்படுகின்றது. இளம் பிள்ளைக்கு இது எதற்கு என்று சில தாய்மார் தயங்குவதுண்டு. வைரசு உடலை அடையுமுன் ஏற்றினாலே இவ்வூசி முழுப்பயன் தரும். ஏற்கெனவே புகுந்த வைரசை அது வெளியேற்றமாட்டாது. அந்த வயது தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் அவ்வளவே. ஊசி பெற்ற பிள்ளையும் வளர்ந்தபின் சோதனைக்குச் செல்லல் வேண்டும். ஊசி வைரசின் எல்லா வகைகளையும் தடுப்பதில்லை.